கிரெடிட் கார்டில் கேட்காமலே ஏறிய காப்பீடு: மாமியின் 34 மாதப் பணம் திரும்புமா?

மெரிபேங்க் மருமகள் | மார்ச் 29, 2025, இரவு 9:14

வணக்கம். தென்னாப்பிரிக்காவுல, டர்பன் பக்கம் இந்த மாதிரி அனுபவப்பட்டவங்க இருந்தா வழி சொல்லுங்க.

என் மாமியாருக்கு 68 வயசு. பென்ஷன்தான் வருமானம். ஒரு கிரெடிட் கார்டு வச்சிருக்காங்க. ஸ்டேட்மென்ட் தபாலில்தான் வரும். பிரிக்கவே மாட்டாங்க, அப்படியே பிரிட்ஜ் மேல இருக்கிற பழைய பிஸ்கட் டின்னுக்குள்ள போயிடும். நேத்து அந்த டின்னைத் துடைக்க எடுத்தப்போ மூடி திறந்து எல்லாம் தரையில் கொட்டிருச்சு. பொறுக்கும்போது ஒண்ணு கண்ணில் பட்டது: "பேலன்ஸ் புரொடெக்‌ஷன் பிரீமியம், 96.30". அதாவது கார்டுக் கடனுக்கான காப்பீட்டுக் கட்டணம்.

"இது என்ன மாமி?"ன்னு கேட்டா, "அது பேங்க் சார்ஜும்மா, எல்லாருக்கும் போடுவான்"ங்கறாங்க. உக்காந்து ஒவ்வொண்ணா பிரிச்சேன். 2022 ஜூன்ல ஆரம்பிச்சு இந்த மார்ச் வரைக்கும் 34 மாசம் விடாம இருக்கு. கூட்டினா 2,913 ராண்ட் 48 சென்ட்.

துருவித் துருவிக் கேட்டதுல ஒரு விஷயம் ஞாபகம் வந்துச்சு. அந்த வருஷம் ஒரு பொண்ணு போன் பண்ணிச்சாம். மாமி வடை போட்டுக்கிட்டு இருந்தாங்களாம், எண்ணெய் காயுதேன்னு "ஓகே மா, ஓகே மா"ன்னு சொல்லி வச்சுட்டாங்களாம். கையெழுத்து எதுவும் போடலை. பாலிசின்னு ஒரு தாள்கூட வரலை.

இன்னிக்குக் காலையில கிளைக்குப் போனோம். கவுன்டர்ல இருந்த தம்பி திரையைப் பார்த்துட்டு, "வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டார்னு காட்டுது. வேணும்னா ரத்து பண்றேன், பழைய பணம் வராது"ன்னு சொல்லிட்டார். ரத்துப் படிவம் நீட்டினார். கையெழுத்துப் போடாம வந்துட்டோம். சரியா செஞ்சோமான்னு தெரியலை.

---

பைன்டவுன் பழனி | மார்ச் 29, இரவு 10:02

தங்கச்சி, மாசம் 96 ராண்ட். அதுக்கு ஒரு பன்னி சௌ (ரொட்டிக்குள்ள குழம்பு) கூட இப்ப நல்லதா கிடைக்காது. ரத்து பண்ணிட்டு நிம்மதியா இருங்க. போன்ல ஓகே சொன்னா சொன்னதுதான், அவங்ககிட்ட ரெக்கார்டிங் இருக்கும். நான் ஒரு தடவை செல்போன் கம்பெனியோட மல்லுக்கட்டி ஆறு மாசம் வீணாப் போச்சு.

---

லெனேசியா கணக்கு | மார்ச் 29, இரவு 11:20

பழனி அண்ணே, 96 இல்லை, 2,913. அதுக்கு மேல வட்டி. அதை யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க.

மருமகளே, அந்த மார்ச் ஸ்டேட்மென்ட்ல கார்டுல நிற்கிற கடன் 21,400 ராண்டா?

---

மெரிபேங்க் மருமகள் | மார்ச் 30, காலை 6:41

ஐயோ, ஆமா! எப்படித் தெரியும்?

---

லெனேசியா கணக்கு | மார்ச் 30, காலை 7:15

ஜோசியம் இல்லைம்மா, வகுத்தல். கடன் காப்பீட்டுக்கு இங்க உச்சவரம்பு இருக்கு. 2017 ஆகஸ்ட் 10ல நடைமுறைக்கு வந்த விதிமுறை. கிரெடிட் கார்டு மாதிரிக் கடன்னா நிற்கிற ஒவ்வொரு 1,000 ராண்டுக்கும் மாசம் 4.50 வரைக்கும் வாங்கலாம். வீட்டுக்கடனுக்கு 2 ராண்ட். 96.30ஐ 4.50ஆல வகுத்தா 21.4. சட்டம் எதுவரைக்கும் விட்டுதோ அந்த விளிம்பு வரைக்கும் போயி போட்டிருக்காங்க. இன்னொரு மாசத்தையும் எடுத்துப் பாருங்க.

வட்டிக்கு வாங்க. அந்த 96.30 கார்டு மேலேயே ஏறுது. மாமி முழுக் கடனையும் கட்டாம மாசாமாசம் கொஞ்சம் கட்டுறாங்கன்னா, அந்தப் பிரீமியத்துக்கும் கார்டு வட்டி ஓடும். அடுத்த மாசம் கடன் கொஞ்சம் கூடும், அந்தக் கூடின கடன் மேல பிரீமியமும் கூடும். 2022 ஜூன்ல போட்ட முதல் பிரீமியம் இன்னிக்கும் வட்டி குட்டி போட்டுக்கிட்டுத்தான் இருக்கு. பணம் திருப்பிக் கேட்கும்போது "பிரீமியமும், அதன்மேல் ஏறிய வட்டியும்"னு சேர்த்து எழுதுங்க. எழுதலைன்னா தர மாட்டாங்க.

---

மெரிபேங்க் மருமகள் | மார்ச் 30, காலை 7:32

2023 அக்டோபர்: கடன் 17,860, பிரீமியம் 80.37. கால்குலேட்டர்ல அடிச்சேன். அதே 4.50.

---

அடையாறு ஆனந்த் | மார்ச் 30, காலை 9:50

இந்தியாவுல ரிசர்வ் வங்கி 2022ல கொண்டு வந்த கார்டு விதிகள்படி காப்பீடு சேர்க்க வாடிக்கையாளரோட வெளிப்படையான சம்மதம் கட்டாயம். கேட்காம கார்டையே அனுப்பி பில் போட்டா இரண்டு மடங்கு அபராதம். அதைக் காட்டி மிரட்டுங்க, உடனே இறங்கி வருவாங்க.

---

வெம்ப்ளி வேலு | மார்ச் 30, காலை 10:30

லண்டன்ல இதே கதை மலை மாதிரி நடந்துச்சு. பிபிஐன்னு சொல்வாங்க, கடன் தவணைக்கான காப்பீடு. கடன், கார்டு எல்லாத்துலயும் சத்தமில்லாம ஒட்டி வித்தாங்க. 2011ல வங்கிகள் கோர்ட்டுக்குப் போய்த் தோத்தாங்க. அதுக்கப்புறம் திருப்பிக் கொடுத்தது மட்டும் 38 பில்லியன் பவுண்டுக்கு மேல. என் அண்ணிக்கு, மறந்தே போன ஒரு கடை கார்டுக்குக்கூட செக் வந்துச்சு. மனு போட கடைசி நாள் 2019 ஆகஸ்ட் 29. இங்க அந்தக் கதவு சாத்தியாச்சு. தென்னாப்பிரிக்காவுல அப்படி ஒரு பொது ஏற்பாடு இருக்கா?

---

பிரிட்டோரியா வாசி | மார்ச் 30, மதியம் 1:05

ஆனந்த், சென்னை விதியை டர்பன் வங்கியிடம் காட்டினால் தேநீர் கொடுத்து அனுப்பி விடுவார்கள். வேலு, இங்கே இங்கிலாந்தைப்போல் மொத்தமாகப் பணம் திருப்பும் திட்டம் கிடையாது, அவரவர் தனியாகப் போராட வேண்டும். சட்டம் ஒன்றும் பலவீனமானதில்லை. வழக்கறிஞர் அலுவலகத்தில் இருபது வருடம் கோப்பு தூக்கியவன் என்ற முறையில் சொல்கிறேன். நான் வழக்கறிஞர் அல்ல.

முதலில் ஒரு தப்பெண்ணம். இந்த நாட்டில் கடன் கொடுப்பவர் "கடன் காப்பீடு வைத்துக்கொள்" என்று கேட்கலாம். 2005ஆம் ஆண்டுத் தேசியக் கடன் சட்டத்தின் 106ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஆகவே "காப்பீடே சட்டவிரோதம்" என்று எழுதிவிடாதீர்கள், முதல் வரியிலேயே மடக்கி விடுவார்கள். ஆனால் அதே பிரிவு சொல்வதைக் கவனியுங்கள்: அவர்கள் நீட்டும் பாலிசியை மறுத்து நமக்குப் பிடித்த வேறு பாலிசியை வைத்துக்கொள்ளும் உரிமை நமக்கு உண்டு, அந்த உரிமையை நமக்குச் சொல்லவும் வேண்டும். செலவையும் கமிஷனையும் சொல்ல வேண்டும், பாலிசி நகலைத் தர வேண்டும். உள்ள ஆபத்தோடு ஒப்பிட்டால் நியாயமில்லாத காப்பீட்டை விற்கவே கூடாது.

மாமியாரின் கார்டு ஒப்பந்தத்தைத் தேடுங்கள். காப்பீடு கட்டாயமென்று அதில் இருக்கிறதா, விருப்பமென்றா? கார்டு எந்த வருடம் வாங்கியது?

---

மெரிபேங்க் மருமகள் | மார்ச் 30, மதியம் 2:48

கார்டு 2014ல வாங்கினது. ஒப்பந்தம் அதே டின்னுல அடியில கிடந்துச்சு. காப்பீடு "விருப்பம்"னு ஒரு கட்டம் இருக்கு. மாமி கையால "வேண்டாம்"ங்கற கட்டத்துல பெரிய டிக்!

---

பிரிட்டோரியா வாசி | மார்ச் 30, மதியம் 3:10

அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். எட்டு வருடம் காப்பீடு இல்லாமல் ஓடிய கார்டு. வேண்டாம் என்று எழுத்தில் சொன்னவர் வேண்டும் என்று எப்போது, எப்படி மாறினார் என்பதை அவர்கள்தான் காட்ட வேண்டும். கிளைத் தம்பியோடு "சொன்னாங்க, சொல்லலை" என்று வாதாடாதீர்கள். அவருக்குத் தெரிந்தது திரையில் வரும் ஒரு டிக் மட்டும்.

அதே சட்டத்தின் 111ஆம் பிரிவைப் பெயர் சொல்லி எழுதுங்கள். ஸ்டேட்மென்டில் உள்ள எந்த ஒரு பற்றையும் (நம் கணக்கில் ஏற்றிய தொகையை) எழுத்து மூலம் மறுக்கலாம். மறுத்தால் அவர்கள் அந்தப் பற்று எதற்கென்று நியாயமான விவரத்தோடு எழுத்தில் விளக்க வேண்டும், அல்லது தவறு என்று ஒப்புக்கொண்டு திருத்த வேண்டும். அதுவரை அந்தத் தொகை நிலுவை என்று சொல்லி நடவடிக்கையில் இறங்கக் கூடாது.

மீதிக் கடனை வழக்கம்போல் கட்டி வாருங்கள். கோபத்தில் எல்லாவற்றையும் நிறுத்தினால் கடன் பதிவு கெடும், அப்புறம் பேச்சே மாறிவிடும்.

---

பீனிக்ஸ் பிரபா | மார்ச் 30, மாலை 5:22

ஆப்ல டெபிட் ஆர்டர் டிஸ்ப்யூட்னு ஒரு பட்டன் இருக்குமே அக்கா? ஒரு அமுக்கு, பணம் திரும்பிடும். நான் ஜிம்முக்கு அப்படித்தான் பண்ணேன்.

---

லெனேசியா கணக்கு | மார்ச் 30, மாலை 5:40

தம்பி, அது வெளியாள் நம்ம கணக்கிலிருந்து இழுத்தா. இது வங்கி தன்னோட கார்டுலயே எழுதிக்கிற பற்று. அந்தப் பட்டன் இதுக்கு வேலை செய்யாது.

---

முன்னாள் ஹெட்செட் | மார்ச் 30, இரவு 8:55

ரொம்ப நாளா படிக்கிறேன், இதுவரை எழுதினதில்லை. அம்ஹ்லாங்கா பக்கம் ஒரு கால் சென்டர்ல மூணு வருஷம் இதைத்தான் வித்தேன். எந்த நிறுவனத்துக்குன்னு சொல்ல மாட்டேன். இப்ப ஸ்கூல்ல வேலை.

முன்னாடி ஒரு தாள் ஒட்டியிருப்பாங்க, அதை அப்படியே படிக்கணும். ஆரம்பத்துல "நீங்க எங்க மதிப்புமிக்க வாடிக்கையாளர்"னு புகழ்ச்சி. அப்புறம் "உங்களுக்கு ஏதாவது ஆனா பிள்ளைங்க மேல கடன் விழக்கூடாதில்லையா?" இதுக்கு எந்தத் தாயாச்சும் இல்லைன்னு சொல்வாளா? ஒரு "ஆமா" விழுந்திடும். அடுத்து முகவரி, பிறந்த தேதி சரியான்னு ரெண்டு "ஆமா". அந்த வேகத்துலயே "இன்னியிலேர்ந்து உங்களுக்குப் பாதுகாப்பு ஆரம்பிக்குது, சரிங்களா?" பிரீமியத்தை ராண்டில் சொல்ல மாட்டோம், "ஆயிரத்துக்கு நாலரை ராண்ட் மட்டும்"னு சொல்வோம். கேட்கிறவங்க காதுல மாசம் நாலரை ராண்ட்னுதான் விழும். வயசானவங்க லைன்ல வந்தா பக்கத்து சீட்டுக்காரன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவான். என் ஆயா வயசுல இருக்கிறவங்ககிட்ட நானே வித்திருக்கேன். அதை நினைச்சா இப்பவும் சங்கடமா இருக்கு.

விஷயத்துக்கு வரேன். போன்ல நிதிச் சேவை விற்கிறவங்க பேச்சைப் பதிவு பண்ணியே ஆகணும், 5 வருஷம் ஆவணம் வச்சிருக்கணும், வாடிக்கையாளர் கேட்டா கொடுக்கணும். அது ஃபெய்ஸ் சட்டத்தோட (நிதி ஆலோசனைச் சேவைகளுக்கான சட்டம்) நடத்தை விதி. எங்களுக்குப் பயிற்சியில முதல் நாளே சொன்னது. 2022 அழைப்பு இன்னும் இருந்தாகணும். ரெக்கார்டிங்கைக் கேளுங்க. "ஒப்புக்கொண்டார்"ங்கற சுருக்கத்தைத் தூக்கி நீட்டுவாங்க, ஏத்துக்காதீங்க. முழு ஒலி வேணும்.

கேட்கும்போது ஒரே ஒரு இடத்தைக் கவனிங்க. "வேலை பார்க்கிறீங்களா?"ன்னு ஒரு கேள்வி இருக்கணும். அதுக்கு மாமி என்ன சொன்னாங்க, அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு. அங்கதான் எங்க ஆளுங்க பெரும்பாலும் சறுக்குவாங்க.

---

பைன்டவுன் பழனி | மார்ச் 30, இரவு 9:30

அடேங்கப்பா. நான் நேத்து எழுதினதைக் கொஞ்சம் வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா ஒண்ணு, மாமி ஓகே சொன்னது உண்மைதானே? ரெக்கார்டிங் வந்து அது அவங்களுக்கே எதிரா முடிஞ்சா?

---

பிரிட்டோரியா வாசி | மார்ச் 30, இரவு 10:12

வரட்டுமே. "ஓகே" என்பது எதற்கான ஓகே என்பதுதானே கேள்வி. விலை சொல்லப்பட்டதா, மறுக்கும் உரிமை சொல்லப்பட்டதா, நகல் அனுப்பப்பட்டதா? மறுக்காவிட்டால் தானாகச் சேர்ந்துவிடும் என்ற வகையில் காப்பீடு விற்பதைப் பாலிசிதாரர் பாதுகாப்பு விதிகள் தடுக்கின்றன.

வேலை பற்றி முன்னாள் ஹெட்செட் சொன்னது முக்கியம். இந்தப் பாலிசிகளில் பெரிய பங்கு வேலையிழப்புக்கானது: வேலை போனால் 12 மாதம் வரை தவணை கட்டுவார்கள். பென்ஷன் வாங்குபவருக்குப் போக வேலை ஏது? ஆறு மாதக் குழந்தைக்குக் கார் லைசென்ஸ் கொடுத்த மாதிரி. 2015லேயே பென்ஷன்காரர்களுக்கு வேலையிழப்புக் காப்பீடு விற்றதாக ஒரு பெரிய மரச்சாமான் கடை நிறுவனத்தைத் தேசியக் கடன் ஒழுங்குமுறை ஆணையம் தீர்ப்பாயத்துக்கு இழுத்தது.

காலக்கெடுவையும் பாருங்கள். சாதாரணக் கடன் கோரிக்கைக்கு இங்கே 3 வருடம். விஷயம் தெரிந்த நாளிலிருந்து எண்ணலாம் என்று வாதிடலாம்தான், அந்த வாதத்துக்கே இடம் வைக்காமல் மே மாதத்துக்குள் எழுத்தில் போட்டுவிடுங்கள்.

---

மெரிபேங்க் மருமகள் | மார்ச் 31, மதியம் 12:20

எழுதியாச்சு. மாமி கையெழுத்துதான் போட்டாங்க, கடன் அவங்க பேர்லதானே. 34 பற்றுகளையும் தேதி வாரியா இணைச்சேன். 2014 டிக் தாளோட நகல் வச்சேன். 106, 111 ரெண்டு பிரிவும் குறிப்பிட்டேன். ரெக்கார்டிங் கேட்டேன், போப்பியா (தனிநபர் தகவல் பாதுகாப்பு) சட்டப்படி அவங்களைப் பத்தின தகவல் அவங்களுக்கே கிடைக்கணும்னும் சேர்த்தேன். பிரீமியமும் வட்டியும்னு கணக்கு அண்ணன் சொன்னபடி எழுதினேன். இமெயில்லயும் அனுப்பினேன், கிளையிலயும் கொடுத்து நகல்ல முத்திரை வாங்கினேன்.

மாமிக்கு ஒரே பயம், கார்டைப் பிடுங்கிடுவாங்களோன்னு. ஈஸ்டருக்கு இஸிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிடணும்னு வேண்டிக்கிட்டு இருக்காங்க.

---

மெரிபேங்க் மருமகள் | ஏப்ரல் 16, மாலை 4:05

பதில் வந்துச்சு. "எங்கள் பதிவுகளின்படி வாடிக்கையாளர் ஒப்புதல் அளித்துள்ளார். நல்லெண்ண அடிப்படையில் மூன்று மாதப் பிரீமியம் திருப்பித் தரப்படும்." ரெக்கார்டிங் பத்தி ஒரு எழுத்து இல்லை. வாங்கிக்கலாமான்னு மாமி கேக்கறாங்க.

---

முன்னாள் ஹெட்செட் | ஏப்ரல் 16, மாலை 6:30

வாங்காதீங்க. ரெக்கார்டிங் நல்லபடியா இருந்தா அதைத்தான் முதல்ல அனுப்பியிருப்பாங்க.

---

பிரிட்டோரியா வாசி | ஏப்ரல் 16, இரவு 7:45

"முழுத் தீர்வாக" என்ற சொல் அந்தக் கடிதத்தில் இருந்தால் கையெழுத்து வேண்டாம். ரெக்கார்டிங்குக்கு 10 வேலை நாள் கெடு வைத்து மறுபடி எழுதுங்கள். வராவிட்டால் தேசிய நிதிக் குறைதீர்ப்பு அமைப்புக்குப் போவதாகச் சொல்லுங்கள். முன்பு வங்கிக்கு ஒன்று, கடனுக்கு ஒன்று, ஆயுள் காப்பீட்டுக்கு ஒன்று, குறுங்காலக் காப்பீட்டுக்கு ஒன்று என்று நான்கு குறைதீர்ப்பாளர்கள் இருந்தார்கள். எங்கே போவது என்பதே பாதி வழக்கு. 2024 மார்ச் 1 முதல் நான்கும் ஒன்றாகி என்எஃப்ஓ ஆகிவிட்டது. கட்டணம் இல்லை. நிறுவனத்திடம் முதலில் முறையிட்டதற்கு ஆதாரம் கேட்பார்கள். அந்த முத்திரை போட்ட நகல் இருக்கிறதல்லவா, அதுதான்.

---

மெரிபேங்க் மருமகள் | மே 6, இரவு 9:58

ரெக்கார்டிங் வந்துருச்சு!! 7 நிமிஷம் 12 செகண்ட். சாப்பாட்டு மேஜையில போனை வச்சு எல்லாரும் சுத்தி உக்காந்து கேட்டோம். பின்னாடி எண்ணெய்ச் சட்டி சடசடன்னு சத்தம் தெளிவா கேக்குது. "என் வடை பாரு"ன்னு மாமி சிரிச்சுட்டாங்க.

அந்தப் பொண்ணு மூச்சு விடாம படிக்குது. நாலாவது நிமிஷத்துல "நீங்க நிரந்தர வேலையில இருக்கீங்கதானே?" மாமி: "இல்லம்மா, நான் பென்ஷன்." ரெண்டு செகண்ட் அமைதி. "பரவாயில்லைங்க, அருமை", அடுத்த வரிக்குப் போயிடுச்சு. கடைசியில "விவரமெல்லாம் அனுப்பறேன், ஓகேயா?"ங்குது. அதுக்குத்தான் நம்ம "ஓகே மா, ஓகே மா". எவ்வளவு ராண்ட்னு எங்கயுமே இல்லை.

இவர் கேட்டு முடிச்சுட்டு எழுந்து வெளியே போயிட்டார். அம்மா குரலை அப்படிக் கேக்க அவருக்குத் தாங்கலை.

---

முன்னாள் ஹெட்செட் | மே 6, இரவு 10:20

அந்த "அருமை". எனக்கு அது நல்லாத் தெரியும். என்ன பதில் வந்தாலும் அதைத்தான் சொல்லணும்னு எழுதியிருக்கும்.

---

பைன்டவுன் பழனி | மே 6, இரவு 10:41

நான் தோத்தேன். மாமிக்கு என் நமஸ்காரம்.

---

மெரிபேங்க் மருமகள் | ஜூன் 11, காலை 8:15

அந்த நாலாவது நிமிஷத்தை எழுத்தில் எடுத்துப் போட்டு அனுப்பினோம். மே கடைசியில 2,913.48 கார்டுல வரவு வந்துச்சு. கூடவே ஏப்ரல், மே பிரீமியமும். வட்டி மட்டும் வரலை. கணக்கு அண்ணன் போட்டுக் கொடுத்த அட்டவணையை இணைச்சு இன்னொரு கடிதம், "இல்லைன்னா என்எஃப்ஓ"ன்னு. நேத்து 688.15 வந்துருச்சு. மன்னிப்புன்னு எதுவும் இல்லை. கணக்கு அண்ணன் கணக்குக்கு 11 ராண்ட் குறையுது, விட்டுட்டோம்.

காப்பீடும் ரத்து ஆயிடுச்சு. மாமி இப்ப ஸ்டேட்மென்ட் வந்த உடனே பிரிச்சு என் கையில கொடுக்கறாங்க. டின்னுல முறுக்கு இருக்கு.

---

லெனேசியா கணக்கு | ஜூன் 11, காலை 9:02

அந்த 11 ராண்ட் எனக்கு உறுத்துது. சரி, விடுங்க.

---

டோங்காட் பேரன் | ஜூன் 14, இரவு 11:37

வணக்கம் எல்லாருக்கும். என் தமிழ் சுமார், சனிக்கிழமை தமிழ் ஸ்கூல் தமிழ். நம்ம நாட்டு அரசியலமைப்பில் தமிழ் மொழி பேர் இருக்கு, ஆனா எனக்கு எழுத்துப் பிழை இருக்கு. மன்னிக்கவும்.

இந்த இழை படிச்சு அப்பா கார்டு பேப்பர் எடுத்தேன். அப்பா 2023 ஆகஸ்டில் இறந்துட்டார். அவர் ஸ்டேட்மென்டிலும் அதே பேலன்ஸ் புரொடெக்‌ஷன் இருக்கு, கடைசி மாசம் வரைக்கும். கார்டில் அப்ப 31,000 ராண்ட் கடன். வங்கி போன் பண்ணினாங்க, எஸ்டேட் (அப்பா விட்ட சொத்து) கட்டணும் சொன்னாங்க. அம்மா நகை வித்து கட்டினாங்க. நானும் அப்பா பிரீமியம் திரும்ப கேக்கலாமா?

---

பிரிட்டோரியா வாசி | ஜூன் 15, காலை 6:20

தம்பி, பிரீமியத்தைத் திரும்பக் கேட்காதீர்கள்! தயவுசெய்து எதையும் ரத்து செய்யவோ, "அப்பாவுக்கு இது தெரியாது, சம்மதிக்கவில்லை" என்று எழுதவோ வேண்டாம்.

அந்தக் காப்பீட்டின் முதல் வேலையே கடனாளி இறந்தால் நிற்கிற கடனைத் தீர்ப்பது. கடைசி மாதம் வரை பிரீமியம் போயிருக்கிறது என்றால் அந்த 31,000ஐக் காப்பீட்டு நிறுவனம் கட்டியிருக்க வேண்டும். உங்கள் அம்மாவின் நகை கட்டியிருக்கக் கூடாது. பாலிசி விவரமும் காப்பீட்டு நிறுவனத்தின் பெயரும் கேட்டு வங்கிக்கு இன்றே எழுதுங்கள், மரண உரிமைகோரல் என்று தலைப்பிட்டு. எஸ்டேட்டின் நிறைவேற்றாளர் யார், நீங்களா அம்மாவா?

---

டோங்காட் பேரன் | ஜூன் 15, காலை 7:48

அம்மா. லெட்டர் ஆஃப் அதாரிட்டி (எஸ்டேட் பார்த்துக்க அதிகாரம் தர கடிதம்) அம்மா பேர்ல இருக்கு.

அவங்ககிட்ட இப்பதான் சொன்னேன். ஒண்ணும் பேசலை. ரூமுக்குப் போய் நகைக்கடை ரசீது எடுத்து வந்து மேஜை மேல வச்சாங்க. ரெண்டு வளையல், ஒரு அட்டிகை.

---

மெரிபேங்க் மருமகள் | ஜூன் 15, காலை 8:10

அந்த ரசீதையும் ஒரு நகல் எடுத்து வச்சுக்கங்க தம்பி. கிளையில கொடுக்கும்போது முத்திரை வாங்காம வெளிய வராதீங்க.

---

டோங்காட் பேரன் | ஜூன் 17, மதியம் 1:26

நேத்து லீவு. இன்னிக்குக் காலையில் போலீஸ் ஸ்டேஷன் போய் மரணச் சான்றிதழ் நகல் சான்றொப்பம் வாங்கிட்டோம். இப்ப வங்கி வரிசையில் நிக்கிறோம். எங்களுக்கு முன்னாடி ஆறு பேர். அம்மா பையை நெஞ்சோட பிடிச்சுக்கிட்டு இருக்காங்க.